எனக்கு வராத வாசம்

எனக்கு அந்த வாசம் வரவே இல்லை. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அறை கொள்ளாத பெண்கள் தரையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலியில் அத்தை. ஒவ்வொருவராக முகத்தை லேசாக உயர்த்தி, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, அழுதார்கள். ஒருவர் அன்னாசி என்றார். இன்னொருவர் கனிந்த மாம்பழம் என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பழம் என்று ஓர் எலுமிச்சைகூடக் கிடையாது. நானும் இழுத்துப் பார்த்தேன். மெழுகுவர்த்திப் புகை வந்தது, பக்கத்திலிருந்தவர் தலைக்குத் தேய்த்திருந்த எண்ணெய் வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. என் மூக்கு ஒன்றும் மட்டமான மூக்கில்லை. நாலு வீடு தள்ளிக் கருவாடு வறுத்தால் இன்ன கருவாடு என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் அன்று சுற்றிலும் ஆனந்தக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு நடுவில் வெறும் காற்றை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளை இல்லை. எனக்கு அதே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை கிடைத்தபோது, "ஹாஸ்டல்லாம் எதுக்கு பாப்பா, நம்ம வீடு சும்மாதானே கெடக்கு" என்று கூட்டிவந்து வைத்துக்கொண்டார். அன்பு காட்டத் தெரியாத மனுஷி என்று ஊரில் பேர். கூட்டல் தப்பாகப் போட்ட பிள்ளையை அவர் பார்க்கிற பார்வையிலேயே பிள்ளை அழித்துவிட்டு மறுபடி போட்டுவிடும். பேய், பிசாசு, கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு ஸ்டெப் எழுதிக் காட்டு" என்பார். நாள் தவறாமல் பூசைக்குப் போவார், ஆனால் அற்புதம் பார்த்தேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அப்படி இருந்தவரைத்தான் மாமாவின் சாவு வேறு ஆளாக்கியது.

மாமா வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் கூப்பிட்டால் போய்க் கொஞ்சம் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு வருவார். ஒரு நாள் மத்தியானம் வாடிப்பட்டியில் பஸ் ஏறியவர் நடைவழி ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, பஸ் ஆரப்பாளையம் வந்து நின்று எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்தார். தூங்குகிறார் என்று கண்டக்டர் தோளைத் தொட்டிருக்கிறார். எந்த இடத்தில் உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. சமயநல்லூரில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்போது மாமாவின் முழங்காலைத் தாண்டித்தான் இறங்கியிருக்கிறார், "கொஞ்சம் காலை ஒதுக்குங்கண்ணே" என்றுகூடச் சொன்னாராம். அப்போது மாமா இருந்தாரா இல்லையா என்று அத்தை பல நாள் என்னிடம் கேட்டிருக்கிறார், எனக்கு அது தெரிந்திருக்கும் என்பதுபோல.

அத்தையை அரித்தது மாமா போனது மட்டுமல்ல, அவர் போன விதம். சாகுமுன் சாமியார் வந்து எண்ணெய் பூசவில்லை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் இல்லை, கடைசி நற்கருணை இல்லை. மாமா யாருக்கும் கெடுதல் செய்யாதவர்தான். ஆனாலும் சின்னச் சின்னக் குற்றங்களுக்காக ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் கிடந்து சுத்தமாக வேண்டும் என்பது அத்தை பிள்ளைப் பிராயத்தில் மனப்பாடம் செய்த பாடம். கணக்கு டீச்சருக்கு மனப்பாடம் மறக்காது. "நெருப்புல கெடக்குறாரு பாப்பா, நம்ம ஃபேனைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கோம்" என்பார். நான் ஃபேனை அணைத்துவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு.

அடுத்து வந்த தவக்காலத்துக்கு அத்தை ஒரு வேண்டுதல் வைத்தார். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி. அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருப்பதை அத்தை எல்லா நாளும் இருப்பதாக நேர்ந்துகொண்டார், மாமாவின் ஆன்மா வெளியே வருவதற்காக. அவருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உண்டு, காலையும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். நான் பயந்து கேட்டேன். "சாப்பாட்டுக்குத்தானே ஊசி. சாப்பாட்டைக் கழிச்சா ஊசியையும் கழிக்கணும், இதுல என்ன பெரிய கணக்கு?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எத்தனையோ வீடுகளில் விரதத்தன்று இப்படித்தான் செய்கிறார்கள். அதோடு தெருவெல்லாம் செருப்பில்லாமல் நடந்து சிலுவைப் பாதை போனதில் அத்தையின் கால் பெருவிரலில் தார் சுட்டுக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறாமல் சீழ் வைத்திருந்தது. அதையும் மாமாவுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

முதலில் தாகம். குடத்துத் தண்ணீர் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. வெயில் ஆரம்பித்துவிட்டது, மதுரையில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று விட்டுவிட்டோம். பிறகு நெஞ்சு கரிக்கிறது, வயிறு வலிக்கிறது என்றார், குமட்டினார், பித்தம் பித்தமாக வாந்தி எடுத்தார். அந்த ஒரு வேளைச் சோறும் இறங்கவில்லை, மிச்சமிருந்த ஊசியையும் கழித்துவிட்டார். வெறும் வயிற்றில் ஆசிட் சுரக்கும் என்பது ஊரறிந்த விஷயம். மருந்துக்கடையில் சொன்னால் ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டில் தந்தார்கள். அதைக் குடித்தால் கொஞ்சம் அடங்கியதுபோல இருக்கும். விரல் குத்திப் பார்க்கிற மெஷினில் சர்க்கரை ஏறித்தான் இருந்தது, ஆனால் அலறிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு இல்லை. சோறே உள்ளே போகாத உடம்பில் அதற்கு மேல் எங்கிருந்து ஏறும்? அந்த மெஷின் சர்க்கரையை மட்டும்தான் சொல்லும், ரத்தம் புளித்துக்கொண்டிருப்பதைச் சொல்லாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தது அந்த மூச்சு. ஓடி வந்தவர் இரைக்கிற மாதிரி இல்லை, வீசிங்கும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷி, ஆழமாக, நீளமாக, ஒரே அளவாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். கிணற்றில் யாரோ ஓயாமல் நீர் இறைப்பதுபோல ஒரு சத்தம். நான் சமையலறையில் நின்றால் அங்கே கேட்கும். பின்பக்கம் துணி காயப்போட்டால் அங்கேயும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது அந்தச் சத்தம் காதுக்குள் ஓடி, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிடுவேன். "மூச்சு வாங்குதா அத்தை?" என்று கேட்டால், "இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். அவருக்கே அது கேட்கவில்லை.

கன்னம் குழிந்துவிட்டது, முகம் மட்டும் சிவந்து பளபளத்தது. பேச்சு குறைந்தது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தபோது அத்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அறையில் யாருமில்லை. "சமயநல்லூர் தாண்டியாச்சா? சரி, சரி. பைய வாங்க" என்றார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "யார்கிட்ட அத்தை பேசுனீங்க?" என்றேன். "உங்க மாமாதான், வேற யாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஸ்டெப் எழுதிக் காட்டு என்று கேட்கிற மனுஷி! நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றேன். உள்ளே தனியாக நிற்கப் பயமாக இருந்தது.

வாசத்தை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் அன்பியத் தலைவி. அன்பியம் என்றால் கோயில் பங்கில் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்த செபக்குழு, வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். தலைவி நல்ல மனுஷி, ஓடியாடி உதவி செய்கிறவர், கொஞ்சம் வாய். அத்தையைப் பார்க்க வந்தவர் குனிந்து கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் அப்படியே முழங்காலிட்டுவிட்டார். "டீச்சர், உங்க மேல என்ன வாசம் இது? இந்த உலகத்து வாசம் மாதிரியே இல்லையே" என்றார். புனிதர்களின் உடம்பிலிருந்தும் கல்லறையிலிருந்தும் நறுமணம் வரும் என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லாரும். தலைவிக்கு அந்த நிமிஷமே பொருள் விளங்கிவிட்டது. வேண்டுதல் கேட்கப்பட்டுவிட்டது, மாமாவின் ஆன்மா நெருப்பைவிட்டுக் கிளம்பிவிட்டது, அது வருகிற வழியில்தான் இந்த வாசம்.

அத்தை நம்புவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை, மாமா செத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அழுதுவிட்டார். நானும் அழுதேன். இம்புட்டு நாள் பட்ட பாட்டுக்கு இந்த ஒரு நிம்மதி கிடைத்தால் கிடைக்கட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றியது. "உனக்கு வருதா பாப்பா?" என்று கேட்டார். "இல்லை அத்தை" என்றேன். என் கன்னத்தைத் தடவி, "வரும், வரும். வேண்டிக்க" என்றார். அவர் கை அனலாகக் கொதித்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? அந்த வெள்ளிக்கிழமைதான் அறை நிறைந்தது. வந்தவர்களில் எல்லாருக்கும் வாசம் வந்தது என்று நான் நினைக்கவில்லை. ஓரத்தில் இருந்த சிலர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு அவசரமாகக் கண்ணை மூடினார்கள். வாசம் வராவிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே. செபமாலையை வழக்கம்போல் வேகமாகத்தான் ஆரம்பித்தார்கள். போகப்போக வேகம் குறைந்தது, ஏனென்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அத்தனை பேரும் அத்தையின் மூச்சுக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் இழுக்கும்போது நிறுத்தினார்கள், விடும்போது சொன்னார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. அறையே ஒரு நெஞ்சாக ஏறி இறங்கியது. அத்தையின் கண் பாதி மூடியிருந்தது, உதடு வெடித்திருந்தது, கழுத்து ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற குடும்பம். அவர் வீட்டுக்காரர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அந்த வருஷம் அவர்களுடைய ரம்ஜான் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் எங்களுக்கும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவார். வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்துவிட்டு நிலையருகே நின்றார். நான் எழுந்து போனேன். தூக்கை என்னிடம் நீட்டியவர் நீட்டியபடியே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. முகம் வெளிறிப்போனது.

"யா அல்லா" என்றார் மெதுவாக. "இது எம்மகன் வாசம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய மகன் காலேஜில் படிக்கிறான், அப்போது மாடியில்தான் இருந்தான். "சின்னப் பிள்ளையில அவன் மேல இதே வாசம்தான் வந்துச்சு. நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து மாதிரி. இதே மாதிரிதான் மூச்சு விட்டான். பேயடிச்சிருக்குன்னு தாயத்து கட்டி ரெண்டு நாளு வீட்டுலயே வச்சிருந்தோம். மூணாம் நாளு கண்ணு முழிக்கலை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சர்க்கரை, ரத்தமெல்லாம் ஆசிட்டாப் போச்சு, இன்னும் கொஞ்ச நேரம் விட்டுருந்தா கையில குடுத்திருக்க மாட்டோம்னாங்க." கடகடவென்று சொன்னார். "டீச்சரம்மா ஊசி போடுறாகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா தூக்கை அங்கேயே கீழே வைத்தார். மாடிப்படியைப் பார்த்து மகன் பேரைச் சொல்லிக் கத்தி ஆட்டோ பிடிக்கச் சொன்னார். செருப்புக் காலோடு, அந்தப் பெண்களைத் தாண்டி, அத்தையிடம் போய் நின்றார்.

தலைவி எழுந்துவிட்டார். "செபம் நடக்குதும்மா, முடியட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அக்காவும் சண்டைக்கு நிற்கவில்லை. "நீங்க ஆஸ்பத்திரியில வந்து ஓதுங்கக்கா, நானும் ஓதுறேன். இங்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அத்தையின் அக்குளில் கை கொடுத்தார். அத்தை கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "விடச் சொல்லு பாப்பா" என்றார். "வாசல் வரைக்கும் வந்துட்டாரு. நான் இப்ப எந்திரிச்சுப் போனா அவரு திரும்பிப் போயிருவாரு." அதைச் சொல்ல அவருக்கு நாலைந்து மூச்சு தேவைப்பட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைக்கு வேறு ரத்த உறவு அந்த அறையில் இல்லை. நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாராவது நிற்கிறார்களா என்று. சத்தியமாகப் பார்த்தேன். பிறகு மறுபக்க அக்குளில் நான் கை கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தை நினைவில்லாமல் கிடந்தார். ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் இன்சுலின், மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். வயசில் என்னைவிடச் சின்னவளான ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இருந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் கொழுப்பை எரிக்கும். எரித்த கழிவு அமிலமாக ரத்தத்தில் சேரும். விரதமும் காலில் சீழும் அதை இன்னும் துரிதப்படுத்திவிட்டன. அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் உடம்பு அப்படி மூச்சு விட்டது. அந்தக் கொழுப்பு எரிந்த வாசம்தான் மூச்சில் வந்தது. தாகம், வாந்தி, வயிற்றுவலி, மயக்கப் பேச்சு எல்லாம் அதேதான். வயிற்றில் சுரக்கிற ஆசிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாப்பிடாவிட்டாலும் டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தவே கூடாது என்றார். எனக்கு ஏன் வாசம் வரவில்லை என்று கேட்டேன். "சிலருக்கு அந்த வாசம் தெரியாது. மூக்கு அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். அந்த அறையில் அழுதவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது விசுவாசம் இல்லை, மூக்கு.

அந்த மூச்சு அடங்கிய காலையில் நான் கட்டிலருகே இருந்தேன். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கேட்காமலே போனது. பதறி எழுந்து பார்த்தால் அத்தை சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டு தூங்குகிறார். அன்பியத்துப் பெண்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வந்தது. குனிந்து அத்தையின் நெற்றியில் சிலுவை போடும்போது ஒவ்வொருவரும் ஒரு விநாடி அங்கேயே தயங்கினார்கள். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். தலைவி மட்டும் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்களே சுத்தி உக்காந்து அனுப்பி வச்சிருப்போம் பாப்பா" என்று விம்மினார்.

அத்தைக்கு நன்றாகத் தெளிவு வந்த பிறகு டாக்டர் சொன்னதை அவருக்குப் புரிகிற வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நான் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். தப்பு கண்டுபிடிக்க முடியாத விடைத்தாளைத் திருத்துகிற மாதிரிக் கேட்டார். அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லி முடித்தபோது, "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்க மாமா வெளிய வரலையா?"

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"இன்னும் உள்ளேயேதான் கெடக்குறாரா பாப்பா?"

பங்குச் சாமியார் வந்து, கடவுள் இரக்கமுள்ளவர், செபம் எதுவும் வீண்போகாது, மாமா என்றைக்கோ கரையேறியிருப்பார் என்று எடுத்துச் சொன்னார். அத்தை, "சரிங்க ஃபாதர்" என்றார். என்னிடம் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

இப்போது நன்றாக இருக்கிறார். கால் புண் ஆறிவிட்டது, பழையபடி காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறார். ஒருசந்தி இருக்கக் கூடாது என்று டாக்டரும் ஃபாதரும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். என் மூக்கை நம்ப முடியாது என்பதால் மாடி வீட்டு அக்கா தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து அத்தை பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஊசியை நான் போடுகிறேன் என்றால் அத்தை விடுவதில்லை, தானேதான் போட்டுக்கொள்கிறார். போடும்போது நான் அறையில் இருக்கக் கூடாது. ஆனால் கதவு சரியாகச் சாத்தாது. மருந்தை ஏற்றி, வயிற்றுச் சதையைப் பிடித்து, குத்துவதற்கு முன்னால், மேஜைமேல் இருக்கிற மாமாவின் படத்தைப் பார்த்து ஒன்று சொல்கிறார். எதிரே நிற்கிற மனுஷனிடம் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்.

"இன்னும் கொஞ்ச நாள் நெருப்பைப் பொறுத்துக்கங்க. பிள்ளை தனியா இருக்கு."